காரின் வயிற்றுக்கோளாறு நீங்கிய விவரம்

சங்கரன்கோவில்,
கர வருஷம் தை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

வாசுதேவநல்லூர் மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி குற்றாலநாத பிள்ளையவர்கள் சமூகத்துக்கு, ஆவுடையப்பன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் வீட்டில் காந்திமதியம்மாளும், காரும் சௌக்கியம். க்ஷேமலாபக் கடிதத்தில் காரின் சௌக்கியத்தையும் சேர்த்து எழுதுகிற வழக்கம் எங்கும் இல்லை என்பது தாலுகா ஆபீசில் ஆயுசில் பாதியைக் கழித்த எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நம் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் தற்சமயம் குறுக்கே நிற்பது அந்தக் கார்தான் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அங்கே தாங்களும், சம்பந்தியம்மாள் சங்கரம்மாள் அவர்களும், என் மகள் முத்துமீனாளும், அவள் வயிற்றில் இருக்கும் நம் பேரப்பிள்ளையும் சௌக்கியமாயிருக்க கோமதியம்மன் துணை செய்வாள். மாப்பிள்ளை நாறும்பூநாதன் மதுரையிலிருந்து லீவில் வந்தால் என் ஆசீர்வாதத்தைச் சொல்லவும். வராவிட்டால் அவருடைய மேலதிகாரியை நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற புதன்கிழமை நல்ல நாள். அன்று காலை காரை எடுத்துக்கொண்டு வருகிறேன். முத்துமீனாளைப் பிரசவத்துக்கு என்னோடு அனுப்பிவைக்க வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது இரண்டு குடும்பத்துக்கும் மாறாத வழக்கம். ஒன்பதாம் மாதம் முக்கால்வாசி ஓடிவிட்டது. மாசி பிறந்துவிட்டால் அவளை ரோட்டில் ஏற்ற நானே சம்மதிக்க மாட்டேன். பஸ் என்றால் நெரிசல், மாட்டுவண்டி என்றால் குலுக்கல், இரண்டும் ஆகாது என்று தாங்கள் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டீர்கள். மிஞ்சுவது என் கார் ஒன்று. அதிலும், "அந்தக் காரு நிக்காம ஓடுதுன்னு எனக்கு நிச்சயமாத் தெரியணும் வே. அதுக்குப் பொறவுதான் எம் மருமக அதுல ஏறுவா" என்று புளியங்குடி ரோட்டில் நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டீர்கள். இப்போது ஓடுகிறது. இத்தனை நாள் ஏன் ஓடவில்லை, இப்போது எதனால் ஓடுகிறது என்பதை ஆதியோடந்தமாகத் தெரிவித்துக்கொள்ளவே இந்தக் கடிதம்.

நான் ரிடையர் ஆனதும் அந்தக் காரை வாங்கியது தங்களுக்குத் தெரியும். மலைமேல் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, இந்தியாவே வேண்டாம் என்று சீமைக்குக் கப்பலேறும்போது விட்டுவிட்டுப் போன கார். அவர் எதற்காக விட்டுவிட்டுப் போனார் என்று காந்திமதியம்மாள் அன்றே கேட்டாள். நான் ஹாரனை அடித்துக் காட்டினேன். வாங்கி வந்த முதல் வாரமே அது கிழவன் இருமுவதுபோல நாலு இருமல் இருமி ரதவீதியில் நின்றது. ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஏசுவடியானைக் கூட்டிவந்தேன். நல்ல மனுஷர், காரை மனுஷரைப்போலவே நாடி பிடித்துப் பார்ப்பார். பெட்ரோல் டாங்கியைக் கழற்றிக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து துருவும் சகதியும் ஒரு சட்டி நிறைய விழுந்தன. எல்லாவற்றையும் கழுவி, குழாயை ஊதி, கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்து, "பிள்ளைக்கு விளக்கெண்ணெய் குடுத்த மாதிரி சுத்தம் பண்ணிட்டேன் அண்ணாச்சி. இனிமே பந்தயக் குருதை மாதிரி போகும்" என்றார். அதோடு அவர் போயிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. வாசலில் நின்ற என் வீட்டுக்காரி சும்மா இராமல், "ஏசுவடியான் தம்பி, இதுக்கு என்னதான் சீக்கு?" என்று கேட்டாள். அவரும் சும்மா இராமல், "வயித்துக்கோளாறுக்கா. டாங்கிதான காருக்கு வயிறு!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வயிற்றுக்கோளாறு என்று ஒரு சொல் காதில் விழுந்த பிறகு சங்கரன்கோவிலில் பிறந்த ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு இருப்பாளா? மறுநாள் காலையே கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் பிரசாதம் வாங்கி வந்தாள். சிரங்கோ, தேமலோ, வயிற்றுவலியோ, எங்களுக்கு முதல் மருந்து அதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. மண்ணைத் தண்ணீரில் குழைத்துக்கொண்டு காரிடம் வந்து, "வயிறு எங்கன இருக்கு?" என்றாள். டாங்கி காரின் பின்பக்கம் அடியில் இருக்கிறது. குனிந்து உள்ளே கை விட அவளுக்கு முழங்கால் இடம் கொடுக்காது. வெளியே தெரிவது பெட்ரோல் ஊற்றுகிற மூடி ஒன்றுதான். நான் அதைக் காட்டினேன். பரம பக்தியோடு, ஒரு சந்து விடாமல், தோசைமாவு கனத்துக்குப் பூசி மேலே ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். காய்ந்ததும் சிமிண்டுபோல இறுகிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் அதன்மேலேயே புதுசாக இன்னொரு பூச்சு. நான் பக்கத்தில் நின்று செம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் முத்துமீனாளை அழைக்கத் தங்கள் வீட்டுக்கு வந்தேன். அன்று நடந்ததைத் தாங்கள் நேரில் பார்த்தீர்கள். ஆனாலும் கோபத்தோடு பார்த்தீர்கள், அதனால் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வரும்போதும் கார் வழியில் நின்றது. தாங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திரும்பும்போது புளியங்குடி வரை துணைக்கு வருகிறேன் என்று தாங்கள் பெருந்தன்மையாக முன் சீட்டில் ஏறிக்கொண்டீர்கள். ஊர் எல்லை தாண்டியதும் நின்றது. நான் இறங்கி, மூடியைத் திறந்து, மூங்கில் குச்சியை விட்டுப் பெட்ரோல் இருக்கிறதா என்று அளந்து பார்த்தேன். வேண்டியமட்டும் இருந்தது. மூடியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன், புறப்பட்டுவிட்டது. கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நின்றது. மறுபடியும் குச்சி, மறுபடியும் ஓட்டம். குச்சி விட்டால் ஓடுகிறது, விடாவிட்டால் நிற்கிறது. அதனிடம் யாராவது இறங்கிப் போய் விசாரித்தால்தான் அதற்குத் திருப்தி போலும் என்றே நான் நினைத்துக்கொண்டேன். தாங்களோ, "என்னவே, உம்ம காரு வழியில இருக்க அம்புட்டுச் சாமிக்கும் நின்னு நின்னு கும்பிட்டுட்டுல்லா போகுது" என்றீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அந்த நேரத்தில் சிரித்தால் நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டேன். கடைசியில் ஒரு மொட்டை வெயிலில் அது நின்றபோது, முத்துமீனாள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்தாள். தாங்கள் எதிரே வந்த வைக்கோல் வண்டியை நிறுத்தி, மாட்டுவண்டி ஆகாது என்று சொன்ன தாங்களே, அவளை அதில் ஏற்றி ஊருக்குத் திருப்பிக் கூட்டிப்போனீர்கள். குலுக்காமல் இருக்க வைக்கோலைத் தாங்களே பரப்பிப் போட்டதையும் நான் பார்த்தேன். நல்ல மாமனார் என்று அந்தக் கோபத்திலும் நினைத்தேன். வண்டியிலிருந்து திரும்பிப் பார்த்து, "அப்பா, வெயில்ல நிக்காதிய, நிழலுக்குப் போங்க" என்று என் மகள் சொன்னாள். வண்டி கண்ணுக்கு மறைகிற வரை நான் அந்த வெயிலிலேயேதான் நின்றேன். அதைத் தங்களிடம் மறைப்பானேன்?

வீட்டில் ஆரத்தித் தட்டோடு காத்திருந்த காந்திமதியம்மாள் காரின் முன்சீட்டைப் பார்த்தாள், பின்சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஆரத்தியை முருங்கை மரத்தடியில் கொட்டினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தவள், "பூசினது பத்தலை போல" என்று சொல்லி, மிச்சமிருந்த மண் முழுவதையும் மூடிமேல் அப்பினாள்.

பிறகு ஏசுவடியான் வைத்தியம் ஆரம்பித்தது. வெயிலுக்குப் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிப் போகிறது என்று ஈரச்சாக்கைக் குழாயில் சுற்றினார். சாக்கு காய்ந்தது, கார் நின்றது. குழாயில் அடைப்பு என்று வாயை வைத்து உறிஞ்சினார். பெட்ரோல் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. அன்றைக்கு அவரை அடுப்புப் பக்கமே விடக்கூடாது என்று அவர் சம்சாரம் வெளியில் வைத்துச் சோறு போட்டாளாம். கடைசியில், பெட்ரோலை இழுத்துக்கொடுக்கிற பம்ப்பில்தான் கோளாறு, பம்ப்பே இல்லாமல் மேலேயிருந்து இறக்கிவிட்டால் ஓடுமா என்று பார்ப்போம் என்று ஒரு யோசனை சொன்னார். டாங்கியைத் திறந்து பெட்ரோலை ஒரு வாய் திறந்த டின்னில் எடுத்துக்கொண்டு, கார் கூரைமேல் ஏறி உட்கார்ந்தார். டின்னிலிருந்து ஒரு ரப்பர் குழாய், அது எந்த ஆஸ்பத்திரியில் எதற்குப் பயன்பட்டது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, நேரே என்ஜினுக்குப் போயிற்று. நான் ஓட்டினேன். நம்ப மாட்டீர்கள், ரதவீதி நாலும் நிற்காமல் சுற்றியது! எலெக்‌ஷன் சமயம் வேறு. கூரைமேல் டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓர் ஆள் போவதைப் பார்த்த ஜனங்கள் கைதட்டினார்கள். "ஏலே, இது எந்தக் கட்சிலே? டின்னுச் சின்னம் போட்ட பெட்டி எங்கன வச்சிருக்காவ?" என்று தேரடியில் ஒருவன் கேட்டான். ஏசுவடியான் மேலேயிருந்து கும்பிடு போட்டார். போட்டதில் டின் சரிந்து என் மேல்துண்டெல்லாம் பெட்ரோல். கார் ஓடிய சந்தோஷத்தில் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணின் தலைக்குமேல் ஏசுவடியானையும் பெட்ரோலையும் உட்கார வைத்துத் தங்கள் ஊரிலிருந்து அழைத்து வருவதற்கு எனக்கே மனம் வரவில்லை.

டின்னை இறக்கிப் பெட்ரோலை மறுபடி டாங்கியில் ஊற்றும்போதுதான் மூடியைக் காணோம் என்று தெரிந்தது. கழற்றி மட்கார்டுமேல் வைத்தது ஊர்வலத்தில் எங்கேயோ விழுந்துவிட்டது. தற்காலிகமாக ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டினோம். மறுநாள் புளியங்குடிக்குப் போய்த் திரும்பினேன். எங்கும் நிற்கவில்லை! டின்னை இறக்கிய கையோடு தான் மாற்றிய பம்ப்பு வாசர்தான் காரணம் என்று ஏசுவடியான் சொன்னார். மண்ணின் மகிமை இப்போதுதான் வேலை செய்கிறது என்று காந்திமதியம்மாள் சொன்னாள். அதற்கு முந்தின நாள் அந்தக் குச்சிக்கு நான் எண்ணெய் தடவி வைத்திருந்தேன், எனக்கு அதன்மேல் ஒரு நம்பிக்கை. மூன்று பேரும் சந்தோஷமாகக் காப்பி குடித்தோம். அப்போதுதான் தேரடிப் பலசரக்குக்கடைத் தங்கப்பழம் மூடியோடு வந்தார். "அண்ணாச்சி, இது உங்க காரு மூடிதான? கடைக்கு முன்னால கெடந்துச்சு. மேல சாமிமண்ணு இருந்துச்சா, யாரும் மிதிச்சிரப்படாதுன்னு எடுத்துக் கல்லாப்பெட்டி மேல வச்சிருந்தேன்" என்றார். என் வீட்டுக்காரி அவருக்கும் காப்பி கொடுத்து, மூடியைக் கண்ணில் ஒற்றி, கீறல் விழுந்த இடத்தில் புதுமண் பூசி, அதன் இடத்தில் மாட்டினாள். அன்று சாயங்காலமே கார் ரயில்வே கேட்டை அடைக்க முடியாதபடி குறுக்கே போய் நின்றது. கேட்காரர் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்து, "கொல்லத்து வண்டி வார நேரம் வே! தள்ளும் வே!" என்று கத்தினார். தள்ளினேன்.

இனி இந்தக் காரை விற்றுவிட்டு, தங்கள் காலில் விழுந்தாவது மகளை வேறு வழியில் அழைத்துவரலாம் என்று முடிவே செய்துவிட்டேன். நேற்று முன்தினம் காலையில் காந்திமதியம்மாள் அடுக்களையில் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்டேன். "எம் மவளுக்குத்தான். என்னைக்காவது வருவால்லா" என்றாள். நல்லெண்ணெய் டின்னை என்னிடம் தள்ளி ஓட்டை போட்டுத் தரச் சொன்னாள். ஆணியை வைத்து ஓர் ஓட்டை போட்டுச் சரித்தேன். எண்ணெய் கொஞ்சம் வந்தது, நின்றது. குலுக்கினேன், கொஞ்சம் வந்தது, மறுபடி நின்றது. "ஒத்த ஓட்டை போட்டா எப்பிடி வரும்? எதுத்தாப்புல இன்னொண்ணு போடுங்க. காத்து உள்ள போனாத்தான எண்ணெய் வெளிய வரும்? இதுகூடவா தாலுகா ஆபீசுல சொல்லிக் குடுக்கலை?" என்றாள். நான் சுத்தியலும் கையுமாக அப்படியே நின்றேன். வருகிறது, நிற்கிறது, வருகிறது, நிற்கிறது. சிரட்டையைக் கட்டினால் ஓடுகிறது, மூடியைப் போட்டால் நிற்கிறது. வாய் திறந்த டின்னில் ஓடியது. குச்சி விட மூடியைத் திறக்கும்போதெல்லாம் "புஸ்" என்று ஒரு சத்தம் வந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இடுப்புத் துண்டோடு வாசலுக்கு ஓடினேன். மூடியைக் கழற்றி, அம்மன் மன்னிக்க வேண்டும், அத்தனை மண்ணையும் சுரண்டினேன். நட்டநடுவில் கடுகு அளவுக்கு ஒரு துவாரம்! காற்று உள்ளே போவதற்கென்றே அதைச் செய்தவன் வைத்த துவாரம். அதைத்தான் நாங்கள் மருந்து பூசி அடைத்துவிட்டு, கார் மூச்சு முட்டி நிற்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் மருந்து பூசியிருக்கிறோம்.

காந்திமதியம்மாளின் கொண்டை ஊசியை வாங்கித் துவாரத்தைக் குத்திவிட்டு, அவளிடம் விஷயத்தை விளக்கினேன். மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "மண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. வயித்துக்குப் பூசணும்னு நான் கேட்டேன். நீங்க அதோட மூக்கைக் காட்டுனிய" என்றாள். நான் கொண்டை ஊசியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். ஏசுவடியானைக் கூப்பிட்டு, இத்தனை நாள் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்த மனுஷர் அந்த மூடியை மட்டும் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு அண்ணாச்சி. ஆனா அக்கா பக்தியாப் பூசின சாமிமண்ணு. நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரன். நான் சொரண்டினா நல்லாவா இருக்கும்?" என்றார். அவருடைய மரியாதையையும், தங்கப்பழத்தின் மரியாதையையும், என் வீட்டுக்காரியின் பக்தியையும் நினைத்தால் யாரைத்தான் கோபித்துக்கொள்வது? இந்த ஊரில் எல்லோரும் நல்லவர்களாக இருந்ததால்தான் என் கார் ஓடவில்லை.

இப்போது புற்றுமண் பொட்டு காரின் நெற்றியில், இரண்டு விளக்குக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே துவாரம் எதுவும் இல்லை என்று நானும் ஏசுவடியானும் தடவிப் பார்த்துவிட்டோம். நேற்று திருவேங்கடம் போய்வந்தேன், நிற்கவில்லை. அங்கிருந்து திரும்பி நேரே தங்கள் ஊர்க் கண்மாய்க்கரை வரைக்கும் வந்தேன், நிற்கவில்லை. சனிக்கிழமை வெறுங்கையோடு சம்பந்தி வீட்டு வாசலில் வந்து நிற்கக்கூடாது என்று கரையிலேயே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். புளியங்குடியில் எலுமிச்சம்பழம் வாங்குவதற்காக நிறுத்த நினைத்தபோதுகூட நிற்கவில்லை. அது பிரேக் சம்பந்தப்பட்டது, அதற்கும் பெட்ரோலுக்கும் தொடர்பு கிடையாது, புதன்கிழமைக்குள் ஏசுவடியான் சரிசெய்துவிடுவார்.

ஆகவே சம்பந்தியவர்கள் மனம் இரங்க வேண்டும். முத்துமீனாள் பிறந்த அறைக்கு வெள்ளையடித்திருக்கிறேன். நர்ஸம்மாளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவளுடைய அம்மா தினமும் வாசலைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருக்கிறாள். இரண்டில் வாசலைப் பார்க்கும் பார்வைதான் எனக்குத் தாங்கவில்லை. தங்கள் வார்த்தைக்கு மாறாக ஒன்றும் கேட்கவில்லை. நிற்காமல் ஓடினால் அனுப்புவதாகச் சொன்னீர்கள், ஓடுகிறது, அனுப்ப வேண்டும். சங்கரநாராயணர் அருளாலும் கோமதியம்மன் கிருபையாலும் தங்கள் வயலும் கண்மாயும் நிறைந்து, குடும்பம் தழைத்து, பிறக்கப்போகும் பிள்ளை நீண்ட ஆயுளோடும், கார் விஷயத்தில் என்னைவிட நல்ல அதிர்ஷ்டத்தோடும் இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
ஆவுடையப்பன்

பி.கு.: இதை உறையில் போட்டு ஒட்டப் போகிற நேரத்தில் தெருமுனையில் புளியங்குடி பஸ் நிற்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், தங்கள் வீட்டு அம்மாள் இடுப்பில் ஒரு மூட்டையோடு, முத்துமீனாளைக் கைப்பிடியாகப் பிடித்து இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். கண்டக்டர் பெட்டியைச் சுமந்து வந்து வாசலில் வைத்துவிட்டு, "மெதுவாத்தான் ஓட்டிட்டு வந்தோம் அண்ணாச்சி" என்று என்னிடம் ஒப்புவித்துவிட்டுப் போனார். முன் சீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் தாங்களாகவே எழுந்து இடம் விட்டார்களாம். சம்பந்தியம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ரெண்டு ஆம்பளையளும் காரைப் பத்திப் பேசி முடிக்கதுக்குள்ள பிள்ளை பொறந்து பள்ளிக்கூடம் போயிரும். அதான் ராகுகாலத்துக்கு முன்ன நானே கூட்டியாந்துட்டேன். அவுக வயலுக்குப் போயிருக்காவ. பக்கத்து வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்தேன். உறியில தயிரு இருக்குன்னு எழுதிருங்க." பேறுகாலம் முடிகிறவரை அவர்களும் இங்கேயே இருப்பதாக உத்தேசம். ஆகவே மேலே கண்ட கடிதம் முழுவதையும் ரத்து செய்துகொள்ளவும். உறியில் தயிர் இருக்கிறது.

முத்துமீனாள் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, வெள்ளையடித்த அறையில் படுத்துத் தூங்குகிறாள். அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறாள், என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறாள். தாங்கள் கோபப்படாமல் உடனே புறப்பட்டு வரவேண்டும். சொன்னால் காரை அனுப்பிவைக்கிறேன். ஆனால் பேரப்பிள்ளை பிறப்பதற்குள் வந்துசேர வேண்டும் என்று தங்களுக்கு ஆசையிருந்தால், பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள்.